அமெரிக்காவில் நெட்வொர்க்குக்குள் ஸ்பெஷலிஸ்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஊரில் தைராய்டு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வோம்? தெரிந்தவர் யாரிடமாவது பெயர் கேட்போம், சாயங்காலம் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காருவோம், ஃபீஸைக் கையில் கொடுத்துவிட்டு மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வருவோம். அமெரிக்கா வந்த முதல் வருடம் நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன். மனைவிக்குக் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. குடும்ப டாக்டர் ஓர் எண்டோகிரினாலஜிஸ்டின், அதாவது தைராய்டு, ஹார்மோன் பார்க்கும் ஸ்பெஷலிஸ்டின் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் அந்தக் கிளினிக்குக்குப் போன் போட்டு, எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரைச் சொல்லி, “டூ யூ டேக் இட்?” என்று கேட்டேன். “யெஸ், வீ டூ” என்றார்கள். நல்லபடியாகப் பார்த்தார்கள், அங்கேயே அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள், பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்து 840 டாலருக்கு பில் வந்தது.

யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் கஷ்டமான விஷயம். அந்தக் கிளினிக் அந்தக் கம்பெனியின் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்கிறது, க்ளெய்மையும் அவர்களே அனுப்பினார்கள். ஆனால் எங்கள் பிளானுக்கு உரிய நெட்வொர்க்கில் அந்த டாக்டர் இல்லை. “எடுத்துக்கொள்கிறோம்” என்பதும் “நெட்வொர்க்கில் இருக்கிறோம்” என்பதும் வேறு வேறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. புதிதாக வருகிற ஒருவருக்காவது அந்த 840 டாலர் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சரி, முதலில் நெட்வொர்க் என்றால் என்ன?

அது ஒரு ஒப்பந்தப் பட்டியல், அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் கம்பெனி டாக்டர்களோடும் ஆஸ்பத்திரிகளோடும் லேப்களோடும் பேசி, “எங்கள் ஆட்கள் வந்தால் இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும்” என்று விலையை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் நெட்வொர்க்குக்குள், போடாதவர்கள் வெளியே. வெளியே இருப்பவர் மோசமான டாக்டர் என்றோ உள்ளே இருப்பவர் சிறந்தவர் என்றோ இதற்கு அர்த்தம் கிடையாது. பேசியது விலையை மட்டும்தான்.

அந்த விலை எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரு ஸ்பெஷலிஸ்ட் முதல் முறை பார்ப்பதற்கு 450 டாலர் என்று பில் போடுகிறார், ஒப்பந்த விலை 210 என்று வைத்துக்கொள்வோம். அவர் நெட்வொர்க்குக்குள் இருந்தால் மீதி 240 டாலரை உங்களிடம் கேட்கவே முடியாது, அதை அவர் தள்ளுபடி செய்தாக வேண்டும். உங்கள் பிளானில் ஸ்பெஷலிஸ்டுக்குக் கோபே, அதாவது ஒவ்வொரு முறை போகும்போதும் நீங்கள் கட்டும் நிலையான தொகை, 50 டாலர் என்றிருந்தால் நீங்கள் கொடுப்பது 50. டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் வருடத்தில் முதலில் நாமே கட்டி முடிக்க வேண்டிய தொகை, முடியும்வரை எல்லாம் நம் கைக்காசு என்கிற வகைப் பிளானாக இருந்தால் 210. அதே டாக்டர் நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தால், இன்ஷூரன்ஸ் தன் கணக்கில் நியாயமான தொகை என்று ஒன்றை, 200 டாலர் என்று வையுங்கள், எடுத்துக்கொண்டு அதில் 60 சதவீதத்தை மட்டும் தரும். மீதி 80 டாலரும், அவர் பில்லுக்கும் அந்தத் தொகைக்கும் இடையே உள்ள 250 டாலரும் உங்கள் தலையில். இதில் கடைசியாகச் சொன்ன 250-ஐத்தான் பேலன்ஸ் பில் என்கிறார்கள். அந்த 60 சதவீதம்கூட நெட்வொர்க்குக்கு வெளியே என்று தனியாக வைத்திருக்கும் டிடக்டிபிளைத் தாண்டிய பிறகுதான் கிடைக்கும். எங்கள் விஷயத்தில் அந்த டிடக்டிபிளுக்குள்ளேயே எல்லாம் விழுந்துவிட்டது, இன்ஷூரன்ஸ் ஒரு காசு தரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வருடத்தில் சிகிச்சைக்காக உங்கள் கையிலிருந்து போகும் பணத்துக்குச் சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது ஒருவருக்கு 9,200 டாலராகவும் குடும்பத்துக்கு 18,400 டாலராகவும் இருந்தது. பல பிளான்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். பெரிய நோய் வந்தாலும் வீடு வாசலை விற்க வேண்டியதில்லை என்கிற நிம்மதி இந்த வரம்பினால்தான் வருகிறது. ஆனால் இது நெட்வொர்க்குக்குள் செலவழித்த பணத்துக்கு மட்டும்தான். நாமாக வெளியே போய்ச் செய்த செலவு பொதுவாக இந்தக் கணக்கில் ஏறாது.

இப்போது உங்கள் இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துப் பாருங்கள்.

கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். பிளானின் பெயரும் நெட்வொர்க்கின் பெயரும் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். ஒரே கம்பெனி பத்து இருபது நெட்வொர்க்குகள் நடத்தும். யுனைடெட் ஹெல்த்கேர் என்றால் சாய்ஸ் பிளஸ் மாதிரி, சிக்னா என்றால் ஓப்பன் ஆக்சஸ் பிளஸ் மாதிரி ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் உங்களுடைய உண்மையான இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். புளூ கிராஸ் புளூ ஷீல்டு இன்னும் குழப்பம், ஏனென்றால் அது ஒரே கம்பெனி கிடையாது, பல மாநிலங்களில் இருக்கும் தனித்தனிக் கம்பெனிகளின் கூட்டமைப்பு. உங்கள் உறுப்பினர் எண்ணின் முதல் மூன்று எழுத்துகளைச் சொன்னால்தான் எந்த ஊர் புளூ என்று அவர்களுக்கே தெரியும். தேடும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.

அடுத்து, பிளான் எந்த வகை என்பது. கார்டிலேயே ஹெச்.எம்.ஓ., பி.பி.ஓ., இ.பி.ஓ., பி.ஓ.எஸ். என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். ஹெச்.எம்.ஓ. என்றால் உங்களுக்கு ஒரு பி.சி.பி., அதாவது குடும்ப டாக்டர், பதிவாகி இருக்க வேண்டும், ஸ்பெஷலிஸ்டிடம் போக அவர் ரெஃபரல் தர வேண்டும், அவசர சிகிச்சை தவிர நெட்வொர்க்குக்கு வெளியே போனால் ஒன்றும் கிடைக்காது. கைசர் பெர்மனென்டே இதிலும் ஒரு படி மேலே, அவர்களுடைய டாக்டர், அவர்களுடைய கட்டடம், அவர்களுடைய மருந்துக்கடை என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அதனால் அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. பி.பி.ஓ.வில் ரெஃபரல் வேண்டாம், நேராக ஸ்பெஷலிஸ்டிடம் போகலாம், வெளியே போனாலும் கொஞ்சம் தருவார்கள். இ.பி.ஓ. இரண்டுக்கும் நடுவில்: ரெஃபரல் பெரும்பாலும் வேண்டாம், ஆனால் வெளியே போனால் பூஜ்யம். இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய, ரெஃபரல் கேட்கவில்லையே என்ற தைரியத்தில் யாரிடம் வேண்டுமானாலும் போய்விடுவார்கள். பி.ஓ.எஸ். கலவை. பொதுவாக ரெஃபரல் வேண்டும், வெளியே போனால் அதிகச் செலவில் கொஞ்சம் கிடைக்கும். எந்த வகையாக இருந்தாலும் பெண்கள் மகப்பேறு, மகளிர் நல மருத்துவரைப் பார்க்க ரெஃபரல் கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, குழந்தைக்குப் பி.சி.பி.யாகக் குழந்தை டாக்டரையே போட்டுக்கொள்ளலாம். பல்லுக்கும் கண்ணாடிக்கும் வேறு இன்ஷூரன்ஸ், வேறு நெட்வொர்க், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேடுவது

கம்பெனியின் இணையதளத்தில் விருந்தாளி மாதிரி நுழைந்தும் தேடலாம், லாகின் செய்தும் தேடலாம். எப்போதும் லாகின் செய்தே தேடுங்கள். விருந்தாளியாகப் போனால் எந்தப் பிளான் என்று ஒரு நீளமான பட்டியலைக் காட்டிக் கேட்கும், அதில் உங்கள் பிளானைப் போலவே பெயருள்ள இன்னொன்றை அழுத்திவிட்டால் அதன்பிறகு வருகிற ஒவ்வொரு பெயரும் தவறு. லாகின் செய்தால் உங்கள் பிளானை அதுவே எடுத்துக்கொள்ளும். கூகுளில் தேடிக் கிடைக்கும் டாக்டர் தளங்களில் “இந்த இன்ஷூரன்ஸ் ஏற்கப்படும்” என்று கம்பெனியின் சின்னத்தைப் போட்டிருப்பார்கள், டாக்டரின் தரத்தைப் பற்றி நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க அவை உதவும், நெட்வொர்க் விஷயத்தில் அவற்றை நம்ப வேண்டாம்.

எந்த ஸ்பெஷலிஸ்ட் என்பதைக் குடும்ப டாக்டரிடமே தெளிவாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். இங்கே பிரிவுக்குள் பிரிவு இருக்கிறது. ஆர்த்தோபீடிக் என்று தேடினால் ஐம்பது பேர் வருவார்கள், ஆனால் அவர்களில் ஒருவர் கை மட்டும் பார்ப்பார், ஒருவர் முதுகெலும்பு, ஒருவர் முட்டி மாற்று அறுவை சிகிச்சை. முட்டி வலிக்கு மூன்று மாதம் காத்திருந்து போய், “நான் தோள்பட்டை மட்டும்தான் பார்ப்பேன்” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். குடும்ப டாக்டர் தரும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் நல்ல டாக்டர் என்று நினைத்துப் பெயரைத் தருகிறார், உங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துத் தருவதில்லை, பார்க்க அவருக்கு நேரமும் இல்லை. அதனால் அவரிடமே, “ரெண்டு மூணு பேர் பெயர் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கி, அதில் யார் நெட்வொர்க்கில் இருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்ல வழி. நான் இப்போது ஐந்தாறு பேராவது இருக்கும்படி பட்டியல் எடுத்துவிட்டுத்தான் போனைக் கையில் எடுக்கிறேன்.

ஏன் ஐந்தாறு பேர்? இணையத்தில் காட்டும் பட்டியலில் பாதி உயிரோடு இருக்காது. டாக்டர் இடம் மாறியிருப்பார், ஓய்வு பெற்றிருப்பார், புது நோயாளிகளை எடுக்க மாட்டார், நம்பரே வேலை செய்யாது. இதைப் பேய் நெட்வொர்க் என்றே இங்கே சொல்கிறார்கள். 2023-ல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு ஊழியர்கள், முதியவர்களுக்கான மெடிகேர் அட்வான்டேஜ் பிளான்களில் மனநல மருத்துவம் என்று பட்டியலிட்டிருந்த 120 இடங்களுக்கு நோயாளியின் குடும்பத்தார் மாதிரி போன் செய்து பார்த்தார்கள். 18 சதவீத அழைப்புகளில்தான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. மனச்சோர்வில் இருக்கும் ஒருவர் இப்படி ஒவ்வொரு நம்பராக அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அந்தப் போன் வேலையை அவர்களுக்காக நீங்கள் செய்து கொடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஜனவரி 1-லிருந்து நடைமுறையில் இருக்கும் நோ சர்ப்ரைஸஸ் சட்டப்படி, இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் டாக்டர் பட்டியலை 90 நாளுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். இந்த டாக்டர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று நீங்கள் போனில் கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்களுடைய பட்டியலையோ பதிலையோ நம்பி நீங்கள் போய், பிறகு அது தவறு என்று தெரிந்தால், நெட்வொர்க்குக்குள் என்ன கொடுப்பீர்களோ அதை மட்டும் கொடுத்தால் போதும். ஆகவே டாக்டரின் பெயர், முகவரி, “இன்-நெட்வொர்க்” என்ற சொல், தேதி நாலும் தெரியும்படி அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்கு இது கைகொடுக்காமல் போனதற்குக் காரணம், நான் இன்ஷூரன்ஸின் பட்டியலைப் பார்க்கவே இல்லை. கிளினிக் ரிசப்ஷனில் சொன்ன வாய்வார்த்தையை மட்டும் நம்பினேன், அது இந்தச் சட்டத்துக்குள் வராது.

இரண்டு போன்

முதல் போன் கிளினிக்குக்கு. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். “டூ யூ டேக்” என்ற சொல்லையே வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பிளானின் முழுப் பெயரையும் படித்துக் காட்டி, “இந்த டாக்டர், இந்த முகவரியில், இந்த நெட்வொர்க்கில் பார்ட்டிசிபேட்டிங் புரொவைடரா?” என்று கேளுங்கள். முகவரியை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே டாக்டர் செவ்வாய்க்கிழமை ஒரு கிளினிக்கிலும் வியாழக்கிழமை வேறொரு குழுமத்தின் கிளினிக்கிலும் உட்காருவார், ஒப்பந்தம் அந்தந்தக் குழுமத்தின் டாக்ஸ் ஐடியோடு, அதாவது வரி எண்ணோடு, கட்டியிருக்கும், ஒரு இடத்தில் உள்ளே, இன்னொரு இடத்தில் வெளியே என்று ஆகிவிடும். அதனால் அவர்களிடமே டாக்டரின் என்.பி.ஐ. எண்ணையும், அந்தக் கிளினிக்கின் டாக்ஸ் ஐடியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்.பி.ஐ. என்பது இங்கே ஒவ்வொரு டாக்டருக்கும் இருக்கும் பத்து இலக்க எண், ரகசியம் ஒன்றும் கிடையாது, அரசின் தளத்திலேயே பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அதோடு புது நோயாளியை எடுக்கிறார்களா, எப்போது தேதி கிடைக்கும், ரெஃபரலோ பழைய ரிப்போர்ட்டோ முன்கூட்டி அனுப்ப வேண்டுமா, அந்தக் கிளினிக் ஆஸ்பத்திரியின் கிளையா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியின் கிளை என்றால் டாக்டர் ஃபீஸ் போக, ஃபெசிலிட்டி ஃபீ என்று கட்டடத்துக்கும் தனியாக ஒரு பில் வர வாய்ப்பிருக்கிறது.

இரண்டாவது போன் கார்டின் பின்பக்கம் இருக்கும் இன்ஷூரன்ஸ் நம்பருக்கு. அங்கே அந்த என்.பி.ஐ., டாக்ஸ் ஐடி, முகவரி மூன்றையும் கொடுத்து, நீங்கள் போகப்போகும் தேதியில் இவர் நெட்வொர்க்கில் இருப்பாரா, என் கோபே எவ்வளவு, டிடக்டிபிளில் இன்னும் எவ்வளவு பாக்கி, ரெஃபரல் வேண்டுமா, சில பிளான்களில் நெட்வொர்க்குக்குள்ளேயே டியர் 1, டியர் 2 என்று அடுக்கு இருக்கும், இவர் எந்த அடுக்கு என்று கேளுங்கள். போனை வைக்கும் முன் பேசியவரின் பெயரையும் ரெஃபரன்ஸ் எண்ணையும் வாங்கி, தேதியோடு எழுதி வையுங்கள். நான் இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிற்பாடு சண்டை என்று வந்தால் “யாரோ சொன்னார்கள்” என்பதற்கு மதிப்பே இல்லை, “மார்ச் 4-ஆம் தேதி பேசினேன், ரெஃபரன்ஸ் எண் இது” என்றால் அவர்களே பழைய அழைப்பை எடுத்துக் கேட்பார்கள்.

ஆங்கிலத்தில் இவ்வளவும் பேசத் தயக்கமாக இருக்கும் அம்மா அப்பாக்களுக்கு ஒரு தகவல்: தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஆஸ்பத்திரியும் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவில் இருக்கிறது. “தமிழ் இன்டர்பிரட்டர் ப்ளீஸ்” என்று சொன்னால் போதும், லைனில் மூன்றாவது ஆளாக ஒருவரை இணைப்பார்கள்.

ரெஃபரலும் முன் அனுமதியும்

இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். ரெஃபரல் என்பது குடும்ப டாக்டர் “இவரைப் பாருங்கள்” என்று கொடுப்பது. பிரையர் ஆத்தரைசேஷன் என்பது ஸ்பெஷலிஸ்ட் எழுதிக் கொடுத்த எம்.ஆர்.ஐ.க்கோ அறுவை சிகிச்சைக்கோ விலை உயர்ந்த மருந்துக்கோ இன்ஷூரன்ஸ் முன்கூட்டியே தரும் அனுமதி. பி.பி.ஓ.வில் ரெஃபரல் வேண்டாம் என்பதற்காக அனுமதியும் வேண்டாம் என்று ஆகாது. ரெஃபரலுக்குக் காலாவதித் தேதியும், எத்தனை முறை பார்க்கலாம் என்ற கணக்கும் இருக்கும். மூன்று தடவைக்குக் கொடுத்திருந்தால் நான்காவது தடவை போகும் முன் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். அப்பாயின்ட்மென்டுக்கு இரண்டு நாள் முன்பு கிளினிக்குக்குப் போன் செய்து, ரெஃபரல் வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்டுவிடுவது உத்தமம். ஃபேக்ஸ் போகவில்லை என்று வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது இங்கே சர்வ சாதாரணம்.

டாக்டரைச் சுற்றி இருப்பவர்கள்

டாக்டர் நெட்வொர்க்கில் இருந்தால் மட்டும் வேலை முடியாது. ரத்தம் எடுத்து எங்கே அனுப்புகிறார்கள்? பல பிளான்களுக்கு குவெஸ்ட் அல்லது லேப்கார்ப் மாதிரி குறிப்பிட்ட லேப்தான் உள்ளே. டாக்டர் தன் வழக்கப்படி வேறு லேபுக்கு அனுப்பிவிட்டால் அந்த பில் தனியாக வரும். “இந்த லேபுக்கே அனுப்புங்க” என்று நர்ஸிடம் சொன்னால் தயங்காமல் செய்வார்கள், இல்லையென்றால் சீட்டை வாங்கிக்கொண்டு நீங்களே போகலாம். ஸ்கேனும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குள் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைவிடத் தனி இமேஜிங் சென்டரில் எடுப்பது பெரும்பாலும் பல மடங்கு மலிவு, டிடக்டிபிள் இன்னும் முடியாதவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை என்றால் முன்பெல்லாம் இன்னொரு கொடுமை இருந்தது. ஆஸ்பத்திரி உள்ளே, சர்ஜன் உள்ளே, மயக்க மருந்து கொடுத்தவர் மட்டும் வெளியே. மயக்கத்தில் படுத்திருப்பவர் அவரிடம் கார்டையா காட்ட முடியும்? மேலே சொன்ன 2022 சட்டம் இதையும் நிறுத்தியது. நெட்வொர்க்குக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில் வெளி ஆள் வந்து பார்த்தாலும், அவசர சிகிச்சைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நீங்கள் நெட்வொர்க் கணக்குக்குத்தான் கட்ட வேண்டும். ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்புறம், சில வெளி டாக்டர்கள் முன்கூட்டியே ஒரு படிவத்தை நீட்டி, “எனக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டாம்” என்று உங்களிடம் கையெழுத்து வாங்க அனுமதி இருக்கிறது. மயக்க மருந்து, எக்ஸ்ரே, பரிசோதனைக்கூடம் போன்றவர்கள் அப்படிக் கேட்கவே கூடாது. யார் நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஐபேடில் “இங்கே ஒரு சைன்” என்று வேகமாகக் காட்டினாலும் நிறுத்தி, என்ன படிவம் என்று கேளுங்கள்.

உள்ளே யாருமே கிடைக்கவில்லை என்றால்

பட்டியலில் இருக்கும் எல்லோரையும் கேட்டாயிற்று, ஒன்று ஐந்து மாதம் கழித்து வா என்கிறார்கள், இல்லையென்றால் அறுபது மைல் தள்ளி இருக்கிறார்கள். அப்போது பலர் சலித்துப்போய் வெளி டாக்டரிடம் போய்க் கைக்காசைக் கொடுக்கிறார்கள். அதற்கு முன் இன்ஷூரன்ஸைக் கூப்பிட்டு, “நெட்வொர்க் கேப் எக்ஸெப்ஷன் வேண்டும்” என்று கேளுங்கள். அதாவது உங்கள் நெட்வொர்க்கில் எனக்குத் தேவையான ஆள் இல்லை, ஆகவே இந்த வெளி டாக்டரை உள்ளே இருப்பவர் கணக்கில் அனுமதியுங்கள் என்பது. யாரை எந்தத் தேதியில் கேட்டேன், என்ன சொன்னார்கள் என்ற உங்கள் நோட்டு இங்கேதான் பயன்படும். குடும்ப டாக்டரிடமிருந்து ஏன் அவசரம் என்று ஒரு கடிதமும் வாங்கிச் சேர்த்தால் பலம். சிகிச்சைக்குப் போகும் முன் இதை எழுத்தில் வாங்க வேண்டும், போய்விட்டு வந்து கேட்டால் கிடைப்பது அரிது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு மாநிலச் சட்டமே துணை: அவசரமில்லாத ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் 15 வேலை நாளுக்குள் கிடைக்க வேண்டும். ஆனால் ஐடி வேலையில் பெரிய கம்பெனிகளில் இருக்கும் நம் ஆட்களில் பலருக்கு ஒரு சிக்கல். அங்கே சிகிச்சைப் பணத்தைக் கொடுப்பது உங்கள் கம்பெனியே, கார்டில் பெயர் போட்டிருக்கும் இன்ஷூரன்ஸ் கணக்கு வழக்கு மட்டும்தான் பார்க்கிறது. இந்த மாதிரிப் பிளான்களுக்கு மாநில விதிகள் பெரும்பாலும் செல்லாது, மத்திய தொழிலாளர் துறைதான் கண்காணிக்கிறது, அவர்களுடைய உதவி எண் 1-866-444-3272. கெட்டதிலும் ஒரு நல்லது, பணம் கொடுப்பது கம்பெனி என்பதால் ஹெச்.ஆர்.-இல் பெனிஃபிட்ஸ் பார்ப்பவரிடம் சொன்னால் சில சமயம் இரண்டே நாளில் காரியம் நடக்கும். ஹெச்.ஆரிடம் உடம்பு விஷயத்தைச் சொல்வதா என்று கூச்சமாக இருக்கும், நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, “நெட்வொர்க்கில் இந்தப் பிரிவு டாக்டர் கிடைக்கவில்லை” என்று மட்டும் சொன்னால் போதும்.

அதோடு, முதலில் கிடைத்த தேதியைப் பதிவு செய்துவிட்டு, கேன்சலேஷன் லிஸ்டில் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஐந்து மாதம் என்று சொன்ன இடத்திலிருந்து எங்களுக்குப் பதினொரு நாளில் போன் வந்தது.

பில் வந்த பிறகு

சிகிச்சை முடிந்து சில வாரத்தில் இன்ஷூரன்ஸிலிருந்து இ.ஓ.பி. என்று ஒரு தாள் வரும். அதிலேயே “இது பில் அல்ல” என்று எழுதியிருக்கும். டாக்டர் எவ்வளவு கேட்டார், ஒப்பந்தத்தால் எவ்வளவு குறைந்தது, இன்ஷூரன்ஸ் எவ்வளவு கொடுத்தது, உங்கள் பங்கு எவ்வளவு என்பது அதில் இருக்கும். கிளினிக்கின் பில்லில் இருக்கும் தொகையும் இதில் “உங்கள் பங்கு” என்று இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள், முதலில் கிளினிக்கின் பில்லிங் பிரிவைக் கூப்பிடுங்கள். பல நேரம் தவறான டாக்ஸ் ஐடியில் க்ளெய்ம் அனுப்பியிருப்பார்கள், திருத்தி மறுபடி அனுப்பினால் சரியாகிவிடும்.

இன்ஷூரன்ஸே மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்ய 180 நாள் இருக்கிறது. அங்கேயும் மறுத்தால், சிகிச்சை தேவையா என்பது போன்ற விஷயங்களை வெளியில் இருக்கும் நடுநிலையான ஒருவர் பார்த்து முடிவு சொல்லும் எக்ஸ்டர்னல் ரிவ்யூ உண்டு, அந்த முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். சர்ப்ரைஸ் பில் என்று சந்தேகம் வந்தால் மத்திய அரசின் உதவி எண் 1-800-985-3059. என் 840 டாலருக்கு இது எதுவும் பொருந்தவில்லை. ஆனாலும் கிளினிக்கைக் கூப்பிட்டு நடந்ததை அமைதியாகச் சொன்னேன், கைக்காசு கொடுப்பவர்களுக்கான விலைக்குக் குறைத்து, மாதத் தவணையும் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டதால்தான் கிடைத்தது.

நெட்வொர்க் வருடா வருடம் மாறும், சில சமயம் வருடத்தின் நடுவிலேயே ஓர் ஆஸ்பத்திரிக் குழுமமும் இன்ஷூரன்ஸும் விலையில் முறைத்துக்கொண்டு பிரிந்துவிடுவார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், புற்றுநோய் போன்ற தீவிரச் சிகிச்சையில் இருப்பவர்கள் இப்படி மாட்டிக்கொண்டால், அதே டாக்டரிடம் நெட்வொர்க் விலையிலேயே 90 நாள்வரை தொடர உரிமை இருக்கிறது, ஆனால் அதற்காக விண்ணப்பிக்க வேண்டும். வேலை மாறினால் பிளானும் மாறும், டிடக்டிபிள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே புது ஆஃபரில் சம்பளத்தைப் பார்க்கும்போதே, இப்போது பார்க்கும் டாக்டர் அந்தப் பிளானில் இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ். மேலே சொன்ன சட்டப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை அதற்குக் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வழக்கமான பரிசோதனை, மருந்து என்று போனால் பொதுவாகப் பணம் வராது. அதனால் அம்மாவின் முட்டியை இங்கே நல்ல ஸ்பெஷலிஸ்டிடம் காட்டிவிடலாம் என்று திட்டம் போட வேண்டாம். கிளம்பும் முன்பே ஊரில் காட்டி, ஆறு மாதத்துக்கு மருந்தும் ரிப்போர்ட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். இங்கே திடீரென்று ஏதாவது ஆனால், அவசரம் இல்லாத பட்சத்தில், அந்தக் கார்டில் இருக்கும் நெட்வொர்க்கின் பெயரைப் பார்த்து அதே இரண்டு போனைப் போடுங்கள். நெஞ்சு வலி, பக்கவாதம் மாதிரி என்றால் நெட்வொர்க்கும் வேண்டாம், போனும் வேண்டாம், நேராக 911.